ஒரு சாண் வம்சம்

“தள்ளுங்கப்பா, இன்னும் கொஞ்சம் தள்ளினா—”

“தள்ளாதீங்க, இடிக்குது—”

“இடிக்கட்டும், சுவருதானே—”

“நான் சுவரைச் சொல்லலைங்க, கட்டிலைச் சொல்றேன். சுவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க இன்னொண்ணு கட்டிப்பீங்க. இது எங்கப்பா செஞ்சு கொடுத்தது—”

“ஆரம்பிச்சுட்டியா? அம்பது வருஷமா இந்த ‘எங்கப்பா’ பாட்டு—”

“அம்பது வருஷமா கட்டிலும் இருக்குல்ல? நீங்க கட்டினதுல எது அம்பது வருஷம் இருந்துச்சு? சொல்லுங்க பார்ப்போம்.”

கட்டிலைத் தூக்கி வந்த நான்கு பேரும், முதலாளியின் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கட்டிலின் பூவேலையை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள்.

பன்னிரண்டாம் மாடிப் படுக்கையறையில் நடந்த இந்தச் சிறு ‘கருத்துப் பரிமாற்ற’த்தை வைத்து யாரும் சேர்மனைக் குறைத்து எடைபோட்டுவிடக் கூடாது. மனித குலம் குகையை விட்டு வெளியே வந்து சுவர் எழுப்பக் கற்றுக்கொண்ட நாள் முதலாய், வீட்டை எப்படிப் பெரிதாக்குவது என்றுதான் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அதை எப்படிச் சிறிதாக்குவது, சிறிதாக்கியதை எப்படிப் பெரிது என்று விற்பது என்று சிந்தித்த பெருமை சேர்மன் ஒருவரையே சாரும். நாகரிகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சேர்மனுக்கு முன், சேர்மனுக்குப் பின் என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால் வேலை சுலபம்.

கட்டில் எப்படியோ அறைக்குள் வந்துவிட்டது. வந்த பிறகு கதவுதான் சாத்த மாட்டேன் என்றது.

“கட்டில் பெருசு” என்றார் சேர்மன்.

“ரூம் சிறுசு” என்றார் அவர் மனைவி.

“மெதுவாப் பேசு. ஜன்னல் திறந்திருக்கு. கீழ வீடு வாங்க வந்தவங்க நிக்கிறாங்க.”

“சரி, மெதுவாச் சொல்றேன். ரூம் சிறுசு.”

சேர்மன் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். அந்தப் பென்சிலைத் தொடும்போதெல்லாம் அவர் முகத்தில் ஓர் அமைதி படரும். தச்சரை வரவழைத்து, ஒரு சாம்ராஜ்யத்தையே எழுப்பிய அந்தப் புகழ்பெற்ற கேள்வியைக் கேட்டார்.

“எந்தப் பக்கம் எடுக்கலாம்?”

தச்சர் கட்டிலைச் சுற்றி வந்தார். சுற்றி வர இடமில்லாததால் பாதியில் ஏறி இறங்கி வந்தார். “தலைப் பக்கம் எடுத்தா பூவேலை போயிடும்ங்க.”

“அப்ப கால் பக்கம் எடு. ஒரு சாண்தானே? கால் கேக்கவா போகுது?”

ரம்பம் ஓடியது. மனைவி ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்ததைச் சேர்மன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். ஐம்பது வருடமாக அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டு வந்தார்.

அன்று முதல் சேர்மனின் பாதங்கள் இரண்டும் கட்டிலுக்கு வெளியே, அந்தரத்தில், நல்ல காற்றில் தூங்கின. ‘காற்றோட்டமான படுக்கையறை’ என்று விளம்பரத்தில் போட்டிருந்ததில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

சேர்மன் பிறக்கும்போதே சேர்மன் இல்லை. நாலு வீடு கட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட சின்ன கான்ட்ராக்டராகத்தான் தொடங்கினார். ஒரு மத்தியானம், பாதி எழும்பிய சுவரில் கையை ஊன்றி யோசித்துக்கொண்டிருந்தபோது, தன் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரைக்கும் உள்ள இடம் அவர் கண்ணில் பட்டது. இவ்வளவு இடம் ஒவ்வோர் அறையிலும் குறைந்தால் யாருக்குத் தெரியும்? குறைத்தார். யாருக்கும் தெரியவில்லை. நாலு வீட்டிலும் எடுத்த சாண்களைச் சேர்த்துப் பார்த்தால், ஐந்தாவதாக ஒரு வீடு எழுந்து நின்றது. உள்ளே போகக் கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

“ஒண்ணுமில்லாததுலேர்ந்து ஒரு வீடு!” என்று அன்று வீட்டுக்கு ஓடிவந்து மனைவியிடம் சொன்னார்.

“ஒண்ணுமில்லாததுலேர்ந்தா? அந்த நாலு வீட்டுக்காரங்ககிட்டேர்ந்துங்க.”

“உனக்கு வியாபாரம் புரியாது.”

“புரியாமலா சொல்றேன்?”

மாமனிதர்களின் மனைவிகளுக்கு மாமனிதர்களைப் புரிவதில்லை என்பது பொது விதி. ஆகவே சேர்மன் மனம் தளரவில்லை. ஐந்து வீடு ஐம்பதானது, ஐம்பது ஐந்நூறானது. தலைமை அலுவலகத்தின் வாசலில், விரல்களை அகல விரித்த பித்தளைக் கை ஒன்று நிறுவப்பட்டது. வேலைக்குச் சேர்கிறவர்கள் அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ‘ஒரு சாணை ஒருவரும் கேட்பதில்லை’ என்று அதன் அடியில் பொறித்திருந்தது.

மாதிரி வீடு என்று ஒன்று ஒவ்வொரு கட்டடத்திலும் உண்டு. வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு. அதற்கென்றே தனிப் பட்டறையில் முக்கால் அளவில் கட்டில், முக்கால் அளவில் சோபா, முக்கால் அளவில் சாப்பாட்டு மேஜை எல்லாம் செய்யப்பட்டன. விற்பனைப் பிரிவில் உயரமான பெண்களுக்கு இடமில்லை. ஒருத்தி தன் செருப்பின் குதிகாலைக் கழற்றிவிட்டு வந்து, நேர்முகத் தேர்வில் தேறி, பிறகு சம்பளம் உறுதியானதும் நிமிர்ந்து நின்றதற்காக வேலையை விட்டு நீக்கப்பட்டாள். அறைக்குள் அவள் நின்ற மாத்திரத்தில் கூரை இறங்கிவிட்டது போலிருந்ததாம்.

சாம்ராஜ்யம் என்றால் வாரிசு வேண்டும். வாரிசு என்றால் சடங்கு வேண்டும். சேர்மன் வீட்டில் யாருக்குப் பதினெட்டு வயது நிறைந்தாலும் ‘சாண் எடுப்பு விழா’ நடக்கும். புதிய கட்டடம் ஒன்றின் வரைபடம் விரிக்கப்படும். பிள்ளை அதன் முன் கையை விரித்து எல்லோருக்கும் காட்டிவிட்டு, அப்பாவின் சிவப்புப் பென்சிலை வாங்கி, ஏதாவது ஓர் அறையில் தன் முதல் சாணை எடுக்க வேண்டும். எல்லோரும் கைதட்டுவார்கள். அந்த அறைக்குப் பிற்காலத்தில் குடிவரப் போகிறவர்களை மட்டும் அழைப்பதில்லை.

மூத்த மகனுக்கு முறம் மாதிரி கை. விழாவன்று அவன் விரித்த கையைப் பார்த்துச் சேர்மன் கண் கலங்கிவிட்டார். இளைய மகனுக்குக் கை கொஞ்சம் ஒடுக்கம். அவன் தினமும் எண்ணெய் போட்டு விரல்களை இழுத்துவிட்டுக்கொள்வான். மகளுக்கு அம்மாவின் கை, குட்டிக் கை.

“உன் சாணுக்கு ஒரு அலமாரிகூட மிஞ்சாது கண்ணு” என்று சேர்மன் அவளைத் தட்டிக்கொடுத்து, டைரக்டர் பதவி தராமல் கல்யாணம் செய்துவைத்தார். மாப்பிள்ளை கட்டட வரைபடம் போடுகிறவர். மாமனார் வீட்டில் யார் எது சொன்னாலும் “சரி” என்று போட்டுவிடுவார். அவர் கையை யாரும் அளந்து பார்க்கவில்லை.

பேரன் பிறந்த அன்று, டாக்டர் வெளியே வந்து “தாயும் பிள்ளையும் நலம்” என்றபோது, மூத்த மகன் கேட்ட முதல் கேள்வி: “கை நல்லா விரியுதா டாக்டர்?”

இந்தப் பொற்காலத்தில் குறுக்கே வந்தவர்களும் உண்டு. ஒரு தடவை, ‘விசாலம்’ என்று பெயரிட்டு முன்பு விற்ற கட்டடத்திலிருந்து ஒரு அம்மாள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். அன்று பார்த்துச் சேர்மனின் மனைவியும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

“என் வீட்டுக்காரர் போயிட்டாருங்க” என்றார் அந்த அம்மாள்.

“ரொம்ப வருத்தம்மா.”

“அவரைப் படுக்க வெச்சு இறக்க முடியலைங்க. லிஃப்டுலயும் நீட்ட முடியலை, படியிலயும் திருப்ப முடியலை. நாற்காலியில உக்கார வெச்சு, துண்டால கட்டி இறக்கினோம். நடுவுல ஒரு மாடியில ஒருத்தர் ஏறினாரு. ‘என்ன சார், களைப்பா இருக்கீங்க’ன்னு கேட்டுட்டு, பதில் சொல்லலைன்னு கோவிச்சுக்கிட்டு இறங்கிப் போனாரு.”

சேர்மனின் மனம் இளகிவிட்டது. கம்பெனி முத்திரை போட்ட சுவர்க் கடிகாரம் ஒன்றை வரவழைத்து, தன் கையாலேயே அந்த அம்மாளிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, பிற்காலத்தில் விற்பனைப் பயிற்சி வகுப்புகளில் பாடமாக வைக்கப்பட்ட அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

“அம்மா, லிஃப்டுல யாரும் படுத்துக்கிட்டுப் போறதில்லைம்மா.”

அந்த அம்மாள் கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். நெகிழ்ந்துவிட்டார் என்று சேர்மன் நினைத்தார்.

“கடிகாரம் ஓடுதான்னாவது பார்த்துக் கொடுத்தீங்களா?” என்று மட்டும் மனைவி கேட்டார்.

இவ்வளவு புகழோடு இருந்தவர், எங்கே குடியிருந்தார்? வேறு யாரோ, வேறு எந்தக் காலத்திலோ கட்டிய ஒரு பழைய பங்களாவில். அங்கே தாழ்வாரத்தில் இரண்டு கட்டில்களைப் பக்கத்துப் பக்கத்தில் தூக்கிக்கொண்டு போகலாம். ‘விசாலம் இரண்டு’ எழும்பி முடிந்தபோது, வீடு வாங்க முன்பணம் கட்டியவர்களில் ஒரு அதிகப்பிரசங்கி, கூட்டத்தில் எழுந்து, “இதுல நீங்க குடியிருப்பீங்களா?” என்று கேட்டுவிட்டான். மூத்த மகன் யோசிக்காமல் “அப்பாவே பன்னிரண்டாவது மாடிக்கு வர்றாரு!” என்று சொல்லிவிட்டான். கைதட்டல் அடங்குவதற்குள் விளம்பரம் வெளியாகிவிட்டது. அப்படித்தான் மாமனாரின் கட்டிலோடு சேர்மன் தன் சொந்தப் படைப்புக்குள் முதல்முறையாகக் குடிவந்தார்.

சாவி வழங்கும் விழாவன்று கட்டடத்தின் முன்னால் பந்தல் போட்டு, இருநூறு குடும்பங்களை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அன்று இன்னொரு முக்கியமான அறிவிப்பும் இருந்தது. தனக்குப் பின் சேர்மன் நாற்காலியில் யார் என்பதைச் சேர்மன் மேடையிலேயே சொல்வதாக இருந்தார். மூத்தவன் புதுக் கோட்டு தைத்திருந்தான். இளையவன் இரண்டு நாளாக விரல்களை இழுத்து இழுத்து வீங்க வைத்திருந்தான். மகள் ஒன்றும் சொல்லாமல் அப்பாவுக்குப் பிடித்த நிறத்தில் புடவை கட்டியிருந்தாள்.

காலையில் சேர்மன் குளியலறைக்குப் போனார். அந்தக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டுமென்றால், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, உடம்பை வளைத்து, கதவைத் தன் மூக்குக்கு முன்னால் போகவிட வேண்டும். ‘பழகிடும்’ என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வது வழக்கம். சேர்மனுக்கு இன்னும் பழகவில்லை. தூக்கிய கால் காற்றில் நிற்க, ஊன்றிய கால் வழுக்க, பெரிய சத்தத்தோடு விழுந்தார்.

“என்னங்க? என்னங்க ஆச்சு? கதவைத் திறங்க!”

“திறக்க முடியலை. நான்தான் கதவுக்குக் குறுக்க கிடக்கேன்.”

கதவைக் கழற்றித்தான் அவரை வெளியே எடுத்தார்கள். நல்லவேளை, கதவு மெல்லிசு. அதுவும் கம்பெனியின் கொள்கைதான்.

ஆம்புலன்ஸ் வந்தது. பின்வாசல் வழியாக வரும்படி இளையவன் போனிலேயே சொல்லிவிட்டான். வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மீசை வைத்தவர், மற்றவர் வைக்காதவர். ஸ்ட்ரெச்சரை லிஃப்டில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டார்கள். வரும்போது அதில் ஆள் இல்லை.

மீசைக்காரர் சேர்மனின் காலைத் தொட்டார். சேர்மன் போட்ட அலறலைக் கீழே பந்தலில் ஒலிபெருக்கி சோதனை என்று நினைத்துக்கொண்டார்கள்.

“இடுப்பெலும்பு போயிருக்கு. உக்காரவும் கூடாது, நிமிர்த்தவும் கூடாது. மல்லாக்கப் படுத்த மேனிக்கே கொண்டு போகணும்.”

ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, கூடத்தைக் கடந்து, லிஃப்டின் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். தலை உள்ளே போனது. மார்பு போனது. முட்டி போனது. பிறகு கதவு சாத்த வந்து, சேர்மனின் பாதங்களைத் தொட்டு, மரியாதையாகப் பின்வாங்கியது. மறுபடி வந்தது, தொட்டது, பின்வாங்கியது.

“கொஞ்சம் சாய்ச்சா?” என்றான் மூத்தவன்.

சாய்த்தார்கள். ஒலிபெருக்கி மறுபடியும் சோதிக்கப்பட்டது.

“படி?” என்றான் இளையவன்.

மீசையில்லாதவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “படியில நானே பக்கவாட்டுலதான் இறங்கணும்.”

ஸ்ட்ரெச்சரை லிஃப்டின் முன்னால் நடைவழியில் வைத்தார்கள். நடைவழி அடைபட்டது. சேர்மன் மல்லாந்து கிடந்தார். இவ்வளவு காலமாக எத்தனையோ கூரைகள் போட்டவர், ஒரு கூரையைக் கீழே கிடந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருந்தது. இங்கேயும் ஒன்று எடுத்திருக்கிறோம் என்று நினைவு வந்தது. அந்த வலியிலும் ஒரு கணம் பெருமையாக இருந்தது.

உடனடியாக டைரக்டர்கள் கூட்டம் கூட்டப்பட்டது. கம்பெனி வரலாற்றில் எல்லோரும் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு நடத்திய முதல் கூட்டம் இது. தலைவர் தலைமை ‘தாங்க முடியாமல்’ நடுவில் படுத்திருந்தார்.

“இந்த லிஃப்டுல கை வெச்சது யாரு?” என்றார் சேர்மன், பல்லைக் கடித்துக்கொண்டு. “ஆள் படுத்துப் போற மாதிரிப் பெரிய லிஃப்டு ஒண்ணு வேணும்னு விதி இருக்குன்னு, அப்படித்தானே வரைஞ்சாங்க? பதினோரு சாண் வரைஞ்சிருந்தது. எங்க போச்சு? சொல்லுங்க. யாரு?”

மூத்தவன் தம்பியைப் பார்த்தான். தம்பி அண்ணனைப் பார்த்தான். அப்பா இப்படித்தான் ஏதாவது ஒரு சோதனை வைத்து வாரிசைத் தேர்ந்தெடுப்பார் என்று இருவருமே எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இந்த மாதிரி நேரத்தில், இவ்வளவு தத்ரூபமாக வரும் என்று மட்டும் எதிர்பார்க்கவில்லை.

மூத்தவன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தலையைத் தாழ்த்தினான். “நான்தான்ப்பா.”

“பொய் சொல்றான்ப்பா! நான் எடுத்தேன். லிஃப்டு யார் வீட்டுலயும் சேராது, எடுத்தா யாரும் கேக்க மாட்டாங்கன்னு நானே யோசிச்சு எடுத்தேன்!”

“நீயா? நான் போன வருஷமே எடுத்துட்டேன்டா!”

“ரெண்டு பேரும் சும்மா இருங்கண்ணா” என்றாள் மகள். “அப்பா, என் கை சின்னதுன்னு சொன்னீங்கல்ல? ரெண்டு கையும் சேர்த்து வெச்சு எடுத்தேன்ப்பா. என்னாலயும் ஒரு முழுச் சாண் எடுக்க முடியும்னு உங்களுக்குக் காட்டணும்னுதான்.”

சேர்மன் தலையைத் திருப்பி மாப்பிள்ளையைத் தேடினார். மாப்பிள்ளை தீயணைப்புக் குழாய்க்குப் பின்னால் நின்றிருந்தார். அங்கே தண்ணீர் வராது என்பதால் பாதுகாப்பான இடம்.

“மாப்பிள்ளை, நீங்கதானே வரைஞ்சீங்க? சொல்ல வேண்டாமா?”

“ஒவ்வொருத்தரும் தனித்தனியா வந்து, ‘யார்கிட்டயும் சொல்லாதீங்க’ன்னு சொன்னாங்க மாமா. நான் யார்கிட்டயும் சொல்லலை.”

“சோதிக்க அதிகாரி வந்தாரே?”

“வந்தாரு மாமா. லிஃப்டுல நின்னு பார்த்தாரு. தாராளமா இருக்குன்னாரு.”

“மூணு சாண் போச்சு. மிச்சம் எட்டு இருக்கணுமே?”

மாப்பிள்ளை குழாய்க்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் ஒதுங்கினார். “ஏழுதான் மாமா. முதல் சாண் நீங்க எடுத்தது.”

ஒரு தந்தைக்கு இதைவிட என்ன வேண்டும்? பெற்ற பிள்ளைகள் மூவரும், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், தந்தை காட்டிய வழியில், தந்தை கைவைத்த அதே இடத்தில் கைவைத்திருக்கிறார்கள். எத்தனை குடும்பங்களில் இந்த ஒற்றுமை இருக்கிறது? சேர்மனின் கண்ணோரத்தில் நீர் கோத்தது. இடுப்பாலா, பாசத்தாலா என்று யாரும் கேட்கவில்லை.

மீசைக்காரர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். பக்கத்து மனையில் ‘விசாலம் மூன்று’ எழும்பிக்கொண்டிருந்தது. “அதோ ஒரு கிரேன் நிக்குதே, அது யாரோடதுங்க?”

பிள்ளைகள் மூவரும் அந்தக் கிரேனை அப்போதுதான் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

“நம்மளோடதுதான்” என்றார் மனைவி.

“அப்ப பேச்சென்னங்க? ஸ்ட்ரெச்சரை அதுல கட்டி, பால்கனி வழியா இறக்கிடலாம். தீயணைப்புக்காரங்க செய்வாங்க. அரை மணி நேர வேலை.”

“எங்க இறக்குவீங்க?” என்றான் மூத்தவன்.

“கீழதான். பந்தல் பக்கம் கொஞ்சம் இடம் இருக்கு.”

மூத்தவனின் முகம் வெளுத்தது. “இருநூறு குடும்பம் உக்காந்திருக்கு! சேர்மன் ஏன் லிஃப்டுல வரலைன்னு கேப்பாங்க. நாளைக்கு ஆளாளுக்கு ஒரு டேப் எடுத்துக்கிட்டு வந்து லிஃப்டை அளப்பாங்க. லிஃப்டோட விடுவாங்களா? பாத்ரூமை அளப்பாங்க. பழைய கட்டடத்தை எல்லாம் அளப்பாங்க!”

“விழாவோட ஒரு பகுதின்னு சொல்லிடலாம்ண்ணா” என்றாள் மகள். “‘சேர்மன் வானத்திலிருந்து வாழ்த்துகிறார்’ன்னு மைக்ல சொல்லிட்டு, அப்பா கையில கொஞ்சம் பூவைக் கொடுத்துட்டா—”

“படுத்துக்கிட்டே பூத் தூவுறதா? பார்க்கிறவங்க வேற மாதிரி நினைச்சுக்குவாங்க” என்றான் இளையவன்.

“சாயங்காலம் வரைக்கும் பொறுக்கலாம்” என்று மூத்தவன் தீர்மானம் கொண்டுவந்தான். “சாவி வாங்கிக்கிட்டு, ‘எல்லாம் சரியா இருக்கு’ன்னு கையெழுத்துப் போட்டுட்டு எல்லாரும் போயிடட்டும். அப்புறம் கிரேனோ, ஹெலிகாப்டரோ.”

“வழிமொழிகிறேன்” என்றான் இளையவன். அன்று அண்ணன் தம்பி ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

மீசைக்காரர் சேர்மனின் நாடியைப் பிடித்தபடியே பேசினார். “சாயங்காலமா? உள்ளே ரத்தம் கசியுதுங்க. முகத்தைப் பாருங்க, வெளுத்துக்கிட்டு வருது. அவ்வளவு நேரம் இவரு தாங்க மாட்டாரு. நான் சொல்றதைச் சொல்லிட்டேன்.”

மகள் அழத் தொடங்கினாள். இளையவன் தரையைப் பார்த்தான். மூத்தவன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு அப்பாமேல் உயிர். ஆனால் அப்பாவின் கம்பெனிமேலும் உயிர். இரண்டு உயிரையும் ஒரே நேரத்தில் கீழே இறக்க வழி தெரியவில்லை.

“என்னங்க” என்று மனைவி குனிந்தார். “இவங்களை விடுங்க. நீங்க சொல்லுங்க. கிரேனைக் கூப்பிடச் சொல்லட்டுமா?”

சேர்மன் கண்ணை மூடினார். கிரேனின் கொக்கியில் தான் தொங்குவது தெரிந்தது. பன்னிரண்டு பால்கனிகளைக் கடந்து, மெல்ல மெல்ல, இருநூறு குடும்பங்களின் தலைக்கு மேலே. எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். கூட்டத்தில் கடைசி வரிசையில், மார்போடு ஒரு சுவர்க் கடிகாரத்தை அணைத்துக்கொண்டு, யாரோ.

“வேண்டாம்” என்றார். “கிரேன் வேண்டாம். பேர் போயிடும்.”

“பேரு கிடக்கட்டும், உயிரு போயிடுமேங்க!”

“ரெண்டும் போகாது. எதுக்கும் ஒரு வழி இருக்கும். ஒரு சாண் எங்கேயாவது கிடைக்கும். எப்பவும் கிடைச்சிருக்கு.” அவருடைய மூளை பழைய வேகத்தில் ஓடத் தொடங்கியது. “மாப்பிள்ளை, லிஃப்டோட பின்பக்கச் சுவரை உடைச்சு உள்ள தள்ளினா?”

“அங்க தூண் இருக்கு மாமா.”

“தூண்ல ஒரு சாண் எடு.”

“ஏற்கெனவே எடுத்திருக்கு மாமா. இன்னும் எடுத்தா கட்டடமே கீழ வந்துடும்.”

“நாமளும் கீழ போயிடுவோம்ல?” என்றான் இளையவன், ஒரு நம்பிக்கையோடு.

“சரி, ஸ்ட்ரெச்சரை வெட்டுங்க. தச்சரைக் கூப்பிடு. கட்டிலை வெட்டலையா?”

“இது இரும்புங்க” என்றார் மீசையில்லாதவர். “வெட்டினாலும் பிரயோஜனமில்லை. ஸ்ட்ரெச்சர் குறுகிடும். ஆளு நீளமா இருக்காரே?”

மூத்தவன் லிஃப்டுக்குள் போய் மண்டியிட்டு, முறம் போன்ற கையை விரித்து, தரையைச் சாண் சாணாக அளந்துகொண்டே வந்தான். வீட்டில் எந்த நெருக்கடி வந்தாலும் அவர்களுக்கு முதலில் செய்யத் தோன்றுவது அதுதான். “ஏழு” என்றான். இன்னொரு தடவை அளந்தான். “ஏழுதான்ப்பா.”

பிறகு அவன் கை, பழக்கதோஷத்தில், ஸ்ட்ரெச்சரின் ஓரமாக, அப்பாவின் உச்சந்தலையிலிருந்து அளந்துகொண்டே வந்தது. தோள், இடுப்பு, முழங்கால். பாதத்தில் வந்து நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லவில்லை. கையை மெல்ல எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

கீழே பந்தலில் ஒலிபெருக்கி உண்மையாகவே சோதிக்கப்பட்டது. “அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, நமது சேர்மன் அவர்கள் இன்னும் சற்று நேரத்தில் கீழே இறங்கி வருவார்கள்” என்றது. கைதட்டல் பன்னிரண்டாம் மாடி வரை கேட்டது.

சேர்மன் மனைவியின் முகத்தைத் தேடினார். ஐம்பது வருடத்தில் முதல்முறையாக அவர் கண்களில் ஒரு கேள்வி இருந்தது. “இந்தா, நீ ஏதாவது சொல்லேன். எப்பவும் ஏதாவது சொல்லுவியே.”

மனைவி அவர் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துவிட்டார். “அந்த அம்மாவுக்குக் கடிகாரம் கொடுத்தீங்க. எனக்கு என்ன கொடுக்கப்போறாங்களோ” என்றார், யாரிடமோ சொல்வது போல.

பிறகு அவருடைய சட்டைப் பைக்குள் கையை விட்டு, சிவப்புப் பென்சிலை எடுத்து, விரித்திருந்த அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

“எட்டுச் சாண் உடம்புங்க. வழி ஏழு சாண். நீங்களே சொல்லுங்க, எந்தப் பக்கம் எடுக்கலாம்? தலைப் பக்கமா, கால் பக்கமா?”